ஆச்சி மாதிரி இல்லையே: பென்சில் படத்தில் வரும் கோளாறுகள், பார்க்க வேண்டிய இடங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் என் அப்பா டச்-அப் வேலை பார்த்தார். நெகட்டிவின் மேல் மருந்து தடவி, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் முகச் சுருக்கங்களை நிரப்புவார். நெகட்டிவில் கறுத்த இடம் பிரிண்டில் வெளுக்கும், சுருக்கம் மறைந்துவிடும். அந்தத் தொழில் போய்விட்டது, பென்சில் மட்டும் எனக்கு வந்தது. போட்டோவைப் பார்த்து முகம் வரைந்து கொடுக்கிறேன். பெரும்பாலும் இறந்துபோனவர்கள் படம். வருஷ திவசத்துக்கு முந்தின வாரம்தான் வந்து கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், நாலைந்து பேர் கற்றுக்கொள்ளவும் வருகிறார்கள்.

அவர்கள் கொண்டுவரும் படங்களில் அதே கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லோரும் சொல்லும் காரணமும் ஒன்றுதான்: "எனக்குக் கை வரல." கையைக் கடைசியில் பார்ப்போம். போட்டோ, உட்கார்ந்த விதம், வெளிச்சம், தாள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதிப் பேருக்குக் கை வரை போகவே வேண்டியிருக்காது.

கீழே ஒவ்வொரு கோளாறிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், காசு செலவாவது அடுத்து, வேறு ஆளிடம் போக வேண்டியது கடைசியில். உங்கள் படத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்கள் (பி-யின் எண் கூடக் கூட முனை மென்மை, கறுப்பு அதிகம்), ஒரு சாதாரண ரப்பர், பிசைந்தால் களிமண் போல வளையும் ஒரு ரப்பர், பரீட்சை அட்டை, நூல், ஸ்கேல்.

## எல்லாம் சரியாக இருக்கிறது, ஆள் மட்டும் அவர் இல்லை

"கண்ணு மூக்கு எல்லாம் கரெக்டா இருக்கு அண்ணாச்சி, ஆனா எங்க ஆச்சி இப்படி இருக்கமாட்டாவளே." இதுதான் அதிகம் வரும் புகார்.

முதலில் ரப்பரைக் கீழே வையுங்கள். படத்தை செல்போனில் எடுத்து, இடம் வலமாகத் திருப்புங்கள். அசல் போட்டோவையும் அதேபோலத் திருப்பிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரமாக அதையே பார்த்துச் சலித்த கண்ணுக்குத் தெரியாத கோணல், திருப்பிய உடனே தெரியும். போன் இல்லையென்றால் நிலைக்கண்ணாடி முன்னால் பிடியுங்கள், அல்லது இரண்டையும் தலைகீழாக வையுங்கள். என்ன தெரிகிறதோ அதைப் பொறுத்து மேலே போகலாம்.

### நெற்றி பெரிதாக, முகம் மேல்பக்கம் நீண்டிருந்தால்

தரையில் பாயை விரித்து, தாளைப் படுக்க வைத்து, குனிந்து வரைந்திருப்பீர்கள். பத்தமடைப் பாய் படுக்க நல்லது, படம் வரைய ஆகாது. தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதால் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டத் தெரியாமலே நீட்டி வரைந்துவிடுவோம். படத்தைச் சுவரில் நேராக நிறுத்தி ஆறடி தள்ளி நின்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சரிசெய்யச் செலவில்லை. பரீட்சை அட்டையில் தாளைக் கிளிப் போட்டு, மடியில் ஒரு முனை, நாற்காலி முதுகில் ஒரு முனை என்று சாய்த்து வையுங்கள். போட்டோவையும் அதே அட்டையில் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். வரைந்த படம் பாதிக்கு மேல் முடிந்திருந்தால் அதைச் சரிசெய்ய முயலவேண்டாம். புதுத் தாள் எடுப்பதுதான் வேகம்.

### கண் மேலே ஏறியிருந்தால்

உச்சந்தலையிலிருந்து தாடை வரை நூல் பிடித்து, அதைப் பாதியாக மடியுங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில் கண் அந்தப் பாதியில் வரும். புதிதாக வரைகிறவர்கள் எல்லோருமே கண்ணை மேலே தூக்கி வைப்பார்கள், ஏனென்றால் நெற்றியில் வரைய ஒன்றுமில்லை என்று நினைத்து அதைச் சுருக்கிவிடுகிறார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் அளவு இடம் இருக்கிறதா என்றும் அதே நூலால் பாருங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. பல் விழுந்த ஆச்சிகளுக்கு மூக்குக்கும் தாடைக்கும் நடுவில் தூரம் குறைந்துவிடும். புத்தகக் கணக்குப்படி தாடையை இறக்கினால் ஆச்சிக்குப் பல் முளைத்துவிடும், ஆள் மாறிவிடும். நூல் கணக்கு சந்தேகத்தைத் தீர்க்கத்தான். போட்டோ வேறு சொன்னால் போட்டோ சொல்வதையே கேளுங்கள். தலை குனிந்தோ நிமிர்ந்தோ இருக்கும் படத்துக்கும் இந்தப் பாதிக் கணக்கு ஆகாது.

### மூக்கு பெரிதாக, காது ஒளிந்தாற்போல இருந்தால்

உங்கள் தப்பு இல்லை, போட்டோவின் தப்பு. முகத்துக்கு ஒன்றரை அடியில் போனைப் பிடித்து எடுத்த படம். கிட்ட இருக்கும் மூக்கு பெருக்கும், தள்ளி இருக்கும் காது சுருங்கும். ஆள் இருக்கிறார் என்றால் ஆறடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து மறுபடி எடுங்கள். ஆள் இல்லையென்றால் கல்யாண ஆல்பத்தில் தூரத்திலிருந்து எடுத்த குரூப் போட்டோ ஒன்றாவது இருக்கும். முகத்தின் அகலம், காதின் அளவு இரண்டையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, தோலின் விவரத்தை மட்டும் கிட்டப் படத்திலிருந்து எடுங்கள்.

### மச்சம் அந்தப் பக்கம் என்றால்

செல்ஃபியாக இருந்தால் இடம் வலம் மாறிப் பதிந்திருக்கலாம். பழைய போட்டோவில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்ததும் உண்டு. தொடங்கும் முன்பே பாருங்கள்: சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறதா, முந்தானை இடது தோளில் விழுகிறதா. மாறியிருந்தால் போட்டோவைத் திருப்பிவிட்டு வரையுங்கள். முடித்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நான் ஒரு தடவை மூக்குத்தியை மாற்றி வரைந்து, இலவசமாக இன்னொரு படம் போட்டுக் கொடுத்தேன்.

### கட்டம் போட்டும் கோணினால்

போட்டோவிலும் தாளிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைகிற முறை இது. கட்டத்தை எண்ணுங்கள். பாஸ்போர்ட் போட்டோ 3.5க்கு 4.5 சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டர் கட்டம் போட்டால் குறுக்கே 7, நெடுக்கே 9. தாளில் ஒரு கட்டம் 3 சென்டிமீட்டர் என்றால் 21க்கு 27 ஆகும். ஏ4 தாளின் அகலம் முழுவதும் போய்விடும், ஓரம் கிடைக்காது. 4 சென்டிமீட்டர் என்றால் 28க்கு 36, அதற்கு ஏ3 வேண்டும். தாளில் இடம் போதவில்லை என்று கட்டத்தை ஒரு பக்கம் மட்டும் ஒடுக்கியவர்கள் நிறையப் பேர். முகமும் அதோடு ஒடுங்கிவிடும். ஏ4தான் இருக்கிறது என்றால் கட்டம் இரண்டரை சென்டிமீட்டர் வையுங்கள்.

### போட்டோவிலேயே ஆள் இல்லையென்றால்

வாக்காளர் அட்டையைப் போனில் படம் பிடித்து, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைப் பெரிதாக்கி வரையச் சொல்வார்கள். பெரிதாக்கிப் பாருங்கள். கண் இருக்கும் இடத்தில் நாலு கறுப்புப் புள்ளிதான் இருக்கிறது என்றால் அங்கே வரைவதற்குத் தகவல் இல்லை. மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் ஆப்பில் போட்டால் பளிச்சென்று ஒரு கண் வரும். அது அவருடைய கண்ணாக இருக்காது. அதைப் பார்த்து வரைந்து கொடுத்தால் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியாது, ஏன் என்றும் தெரியாது.

இங்கேதான் வேறு ஆள் வேண்டும். அசல் காகித போட்டோ எங்காவது இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நல்ல ஸ்டுடியோவில் கொடுத்து துல்லியம் 600 டி.பி.ஐ.க்குக் குறையாமல் ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய போட்டோவை நீங்களாக உரிக்க வேண்டாம், உரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு கொடுங்கள், அப்படியே படம் எடுத்துக்கொள்வார்கள். எந்தப் போட்டோவும் கிடைக்கவில்லை என்றால் வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## படம் அப்பளம் மாதிரி தட்டையாக இருக்கிறது

செல்போனில் படத்தையும் போட்டோவையும் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். போட்டோவில் மூக்குத் துளை, உதடுகளின் நடுக்கோடு, கழுத்துக்கு அடியில் விழும் நிழல் மூன்றும் கறுப்பாக இருக்கும். உங்கள் படத்தில் அவையும் கன்னமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக இருந்தால் காரணம் கண்டுபிடித்தாயிற்று: கறுக்கப் பயந்திருக்கிறீர்கள்.

தாளின் ஓரத்தில் ஐந்து பெட்டி போடுங்கள். முதல் பெட்டி தாளின் வெள்ளை, கடைசிப் பெட்டி 6பி கொடுக்கும் முழுக் கறுப்பு, நடுவே மூன்று படி. முகத்தில் தொடும் ஒவ்வொரு இடமும் எந்தப் பெட்டி என்று கேட்டுக்கொண்டே வரையுங்கள். ஐந்தாவது பெட்டிக்கு முகத்தில் இடமே இல்லை என்றால் படம் எழும்பாது. பள்ளிக்கூட எச்.பி. பென்சில் ஒன்றை வைத்துக்கொண்டு இதைச் சாதிக்க முடியாது, 4பி, 6பி வாங்கத்தான் வேண்டும். கடையில் இரண்டும் சில்லறைக் காசுதான்.

கறுப்பு இருந்தும் தட்டையாக இருக்கிறதா? அவுட்லைனைப் பாருங்கள். முகத்தைச் சுற்றி, மூக்கின் இரண்டு பக்கமும், உதட்டைச் சுற்றி எல்லாம் கம்பி கட்டினாற்போலக் கோடு இருந்தால் ஷேடிங் என்ன செய்தும் பயனில்லை. மூக்குக்கு முன்பக்கம் கோடு கிடையாது. ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம், அவ்வளவுதான். பிசையும் ரப்பரால் கோட்டை ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, பக்கத்து நிழலை அந்த இடம் வரை கொண்டுவந்து நிறுத்துங்கள்.

கோடும் இல்லை, கறுப்பும் இருக்கிறது, ஆனாலும் தட்டை என்றால் குறை போட்டோவின் வெளிச்சத்தில் இருக்கிறது. ஃப்ளாஷ் அடித்து எடுத்ததில் முகத்தில் நிழலே இருக்காது. நம் ஊர் வெயிலில் மதியம் எடுத்ததில் கண்குழி இரண்டும் கிணறாக இருக்கும், மற்றதெல்லாம் வெளுத்திருக்கும். காலை எட்டு மணிக்கு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். முகம் தானாக உருளும்.

வெளிச்சத்தைப் படிக்க முகமே வேண்டும் என்பதில்லை. ஒரு மண்சட்டியை ஜன்னலோரம் வைத்து நாலு நாள் வரைந்தால் போதும். அப்புறம் ஒரு நாள் திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போய்வாருங்கள். வீரபத்திரர் தொடங்கி குறவன் குறத்தி வரை ஆளுயரச் சிலைகள். நரம்பும் நகமும் தெரியும். ஒரே நிறக் கல், அதில் கோடு எங்கே, நிழல் எங்கே என்று ஒரு சிலைக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றால் நான் மேலே எழுதியதெல்லாம் தேவைப்படாது. நோட்டை எடுக்கும் முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் இதைச் செய்தும் தட்டையாகவே வந்தால் ஆசிரியர் ஒருவரிடம் நேரில் உட்காருங்கள். வீடியோ பார்த்து இது தீராது. உங்கள் படத்தின் மேல் அவர் பென்சில் ஒரு தடவை ஓடினால் தீரும்.

## முகத்தில் கரி பூசினாற்போல அழுக்காக இருக்கிறது

முதல் கேள்வி: விரலால் தேய்த்தீர்களா? தேய்த்திருந்தால் அதுதான். விரலில் வியர்வையும் எண்ணெயும் உண்டு. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையென்றால் சொல்லவே வேண்டாம். எண்ணெய் பட்ட இடத்தில் பென்சில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அப்புறம் ரப்பருக்கும் அசையாது. தேய்க்கத்தான் வேண்டும் என்றால் டிஷ்யூ பேப்பரோ காது குடையும் பஞ்சுக் குச்சியோ போதும். ஆனால் தேய்க்காமல் வரையப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன். எச்.பி.யில் மெல்லிய கோடுகளை ஒரு திசையில் ஒரு படலம், வேறு திசையில் மறு படலம், அதன்மேல் 2பி. நேரம் பிடிக்கும். தோல் தோலாகத் தெரியும்.

இரண்டாவது கேள்வி: உள்ளங்கை எங்கே இருந்தது? வலது கைக்காரர் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரைந்து வரவேண்டும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள். அந்தத் தாளை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது, ரப்பர். அதன் முனை கறுத்திருந்தால் முதலில் வேறு தாளில் தேய்த்து வெளுக்க வையுங்கள். பென்சில் பின்னால் ஒட்டிவரும் சிவப்பு ரப்பரைப் படத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

நான்காவது, மழைக்காலம். ஆனி ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்று தென்காசி, கடையம் பக்கமெல்லாம் வீசும்போதும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் தாள் ஈரத்தை உறிஞ்சி நமத்துப் போகும். நமத்த தாளில் பென்சில் வழுக்கும், ரப்பர் போட்டால் நூலாகக் கிளம்பும். தாளைச் சுருட்டி பீரோ மேல் வைக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.

அல்வா சாப்பிட்ட கையோடு வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாளில் நெய் பட்டால் அந்த இடம் கண்ணாடி போலாகிவிடும், எந்த வைத்தியமும் கிடையாது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

## கறுப்பு கறுக்கவில்லை, பளபளக்கிறது

தலைமுடி வரையும்போது வரும். எச்.பி.யாலேயே அழுத்தி அழுத்திக் கறுக்கப் பார்த்திருப்பீர்கள். தாளின் சொரசொரப்பு நசுங்கி வழவழப்பாகிவிட்டது, இனி அதன்மேல் 6பி போட்டாலும் ஏறாது. வெளிச்சத்தில் சாய்த்தால் தகரம் போல மின்னும்.

கறுக்க வேண்டிய இடத்தில் ஆரம்பத்திலேயே 4பியை மெதுவாகப் போடுங்கள், பல தடவை போடுங்கள். அப்படியும் ஏறவில்லையென்றால் தாளை மாற்றுங்கள். ஜெராக்ஸ் தாளிலும் சார்ட்டின் வழவழப்பான பக்கத்திலும் வரைகிறவர்களுக்கு இந்தக் கோளாறு தீரவே தீராது. கனம் 150 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாத, படம் வரைவதற்கான கார்ட்ரிட்ஜ் தாள் கேட்டு வாங்குங்கள். கடையில் விரலால் தடவிப் பாருங்கள், லேசாகச் சொரசொரக்க வேண்டும்.

பென்சில் கிராஃபைட்டுக்கு ஓரளவு மினுக்கம் இயல்புதான், முழுதாகப் போகாது. மையிருட்டுக் கறுப்பு வேண்டும் என்றால் அந்த இடத்துக்குக் கரிப் பென்சில். அதை வெறும் தாளில் முதலிலேயே போடவேண்டும். கிராஃபைட்டின் மேல் கரி ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

## கண் செத்துக்கிடக்கிறது

கண்ணின் வெள்ளையை வெள்ளையாக விட்டிருப்பீர்கள். அது வெள்ளை இல்லை. மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது, ஓரங்களில் உருள்கிறது. தட்டைப் படத்துக்குச் சொன்ன ஐந்து பெட்டியில் இரண்டாவது, மூன்றாவது பெட்டி நிறம். முழு வெள்ளை என்பது கருவிழியில் மின்னும் ஒரு பொட்டு மட்டுமே. அதைத் தொடக்கத்திலேயே தொடாமல் விட்டுவைக்க வேண்டும், பின்னால் ரப்பரால் எடுத்தால் அந்த வெளுப்பு வராது. இரண்டு கண்ணிலும் பொட்டு ஒரே பக்கம் இருக்கிறதா பாருங்கள். ஒன்று இடம், ஒன்று வலம் என்றால் ஆள் மிரண்டாற்போல இருப்பார். இமை மயிரை ஈர்க்குமாறு மாதிரி வரிசையாக நட வேண்டாம்.

## தலைமுடி கயிறாகத் தெரிகிறது

ஒவ்வொரு முடியாக வரையப் போனதால் வந்தது. முடியை முதலில் பெரிய பெரிய கறுப்பும் வெளுப்புமான தொகுதியாகப் போடுங்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் வகிட்டின் இரண்டு பக்கமும் ஒரு வெளிச்சப் பட்டை ஓடும், அதை விட்டுவையுங்கள். கடைசியில், ஓரத்தில் மட்டும், பறக்கும் முடி பத்து இருபது. போதும்.

## பாம்படம் பொன்னாக இல்லை, களிமண்ணாக இருக்கிறது

எங்கள் பக்கத்துப் பழைய ஆச்சிகளின் படம் என்றால் இது வந்தே தீரும். தோளைத் தொடும் காதும் அதில் தொங்கும் பாம்படம் என்ற கனத்த காதணியும் சரியாக அமையாவிட்டால் மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் வீட்டில் ஒப்ப மாட்டார்கள்.

தோலை வரைந்த பழக்கத்தில் நகையையும் மெதுமெதுவாக நிழல் ஏற்றியிருப்பீர்கள். உலோகத்தில் அப்படிக் கிடையாது. முழு வெள்ளைக்குப் பக்கத்திலேயே முழுக் கறுப்பு நிற்கும், நடுவில் படியே இருக்காது. பாம்படத்தின் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து, வெளிச்சம் படும் முகத்தைத் தாளாகவே விட்டு, அதை ஒட்டிய முகத்தை 4பியால் கறுத்துவிடுங்கள். தேய்க்கக் கூடாது. பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு விளிம்புகளை வெட்டினாற்போல வையுங்கள்.

காது வேறு கதை. இழுபட்ட மடல் கனத்தில் தொங்குகிறது. துளையின் கீழ்ப்பக்கம் தோல் மெலிந்து நூலாக இருக்கும். அங்கே மட்டும் மெல்லிய நிழல். தெளிவாகத் தெரியாத போட்டோவில் பாம்படத்தைக் கற்பனையாகப் போட வேண்டாம். நகை வீட்டில் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்கி அதே பக்க வெளிச்சத்தில் தொங்கவிட்டுப் பார்த்து வரையுங்கள். யாரிடம் இருக்கிறது என்பதில் வீட்டுக்குள் சண்டை இருந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

## ஷேடிங்குக்குள் வெள்ளைக் கோடுகள் கிளம்புகின்றன

கட்டம் போடும்போது ஸ்கேலை வைத்து அழுத்திக் கீறியிருக்கிறீர்கள். ரப்பரால் கோடு போய்விட்டது, தாளில் பள்ளம் போகவில்லை. 2எச் போன்ற கடினமான பென்சிலால் கட்டம் போட்டவர்களுக்கு இது நிச்சயம். ஊசியாகச் சீவிய 2பியைப் பள்ளத்துக்குள் மட்டும் ஓட்டினால் கொஞ்சம் மறையும். அடுத்த தடவை பிளாஸ்டிக் ஷீட்டில் மார்க்கரால் கட்டம் போட்டுப் போட்டோவின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், தாளில் எச்.பி.யால் தொட்டும் தொடாமலும்.

## முனை ஒடிந்துகொண்டே இருக்கிறது

ஷார்ப்னரின் பிளேடு மழுங்கியிருக்கும், மாற்றுங்கள். புது ஷார்ப்னரிலும் ஒடிந்தால் பென்சில் எப்போதோ கீழே விழுந்து உள்ளேயே துண்டு துண்டாகியிருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறு எடுங்கள். 6பியைப் பிளேடால் சீவி, உப்புத்தாளில் முனை தீட்டுவதே நல்லது. குழந்தைகள் கையில் பிளேடு வேண்டாம்.

## முடித்த படம் மங்குகிறது, புள்ளி விழுகிறது, ஒட்டிக்கொள்கிறது

தொட்டால் கையில் வருகிறது என்றால், பென்சில் கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடிக்கவில்லை. வெளியில், காற்று அடிக்காத இடத்தில், ஓரடி தள்ளி நின்று, லேசாக இரண்டு மூன்று தடவை. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. முதலில் வேறு தாளில் அடித்துப் பார்க்க வேண்டும். அடித்த பிறகு ரப்பர் சரியாக வேலை செய்யாது, அதனால் திருத்தமெல்லாம் முன்னால். முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நாள்பட்டால் தாள் மஞ்சளடிக்கும், நான் தொடுவதில்லை.

லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் படத்தோடு ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது. எத்தனை சொன்னாலும் பாதிப் பேர் நேராக லேமினேஷன் கடைக்குத்தான் போகிறார்கள்.

ஃப்ரேம் கடையில் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே, படம் தெரிய ஜன்னல் போல வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி நேராகத் தொட்டால் மழைக்காலத்தில் வேர்த்துப் படம் ஒட்டும், பூஞ்சைப் புள்ளி விழும். வெளிச்சுவரில், அதுவும் மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் மாட்ட வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் தாமிரபரணித் தண்ணீர் ஏறி வடிந்த வீடுகளிலிருந்து நனைந்த படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிராஃபைட் தண்ணீரில் கரையாது, அதனால் படம் முழுதாகப் போய்விட்டது என்று பதற வேண்டாம். ஃப்ரேமைக் கழற்றி, முகம் மேலே இருக்கும்படி, நிழலில், தட்டையாகக் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் சுருளும். சேற்றை ஈரத்தோடு துடைத்தால் படமும் சேர்ந்து வரும். முழுதாகக் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் நீங்கள் உரிக்க வேண்டாம், பழைய காகிதங்களைப் பராமரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை படர்ந்திருந்தாலும் அப்படியே.

## நேற்று வரை சரியாக வந்தது, இப்போது எல்லாம் மங்கலாக வருகிறது

கடைசியில் பார்ப்போம் என்ற கை இங்கேதான் வருகிறது, கண்ணும் கூட. கழுத்தையும் மணிக்கட்டையும் ஒரு வாரம் ஓய்வில் விடுங்கள். பென்சிலை எழுதுவது போல முனையருகே பிடிக்காமல் இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்து, தோளிலிருந்து கையை ஓட்டுங்கள். விரல் மரத்துப்போவது நிற்கவில்லை என்றால் டாக்டர். வயது நாற்பது தாண்டியிருந்து, போட்டோவைத் தள்ளிப் பிடித்தால்தான் தெரிகிறது என்றால் கண் டாக்டர். ஆறு மாதம் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது.

## படம் சரி, வீட்டுக்காரர்கள்தான் ஒப்பவில்லை

இதுவும் கோளாறுதான், அதிகச் செலவு வைக்கும் கோளாறு.

மகள் "அம்மா இவ்வளவு வயசாவா இருந்தாவ?" என்பார். மகன் "கடைசில இப்படித்தான இருந்தாவ" என்பார். ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு வயதில் ஒரு அம்மா இருக்கிறார். தொடங்கும் முன்பே எந்த வயதுப் படம் என்று ஒருவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். கோட்டுப் படம் முடிந்த கட்டத்திலேயே போனில் அனுப்பிக் காட்டுங்கள். அப்போது திருத்தினால் பத்து நிமிஷம், கடைசியில் திருத்தினால் பத்து நாள்.

"மருவை எடுத்துருங்க" என்றால் சின்னதாகப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எடுத்துவிட்டுக் கொடுத்த படங்களுக்குத்தான், "என்னமோ குறையுதே" என்று திரும்ப வந்திருக்கிறார்கள்.

"கொஞ்சம் கலரா போடுங்க அண்ணாச்சி" என்பது, அதாவது முகத்தை வெளுப்பாகக் காட்டச் சொல்வது, வாராவாரம் வரும். அப்பா நெகட்டிவில் அதைத்தான் செய்தார், கேட்டவர்கள் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். பென்சிலில் அது நடக்காது. கன்னத்தை ஒரு படி வெளுத்தால் மூக்கின் நிழலும் ஒரு படி வெளுக்க வேண்டும், கழுத்து, கண்குழி எல்லாம் அப்படியே. கடைசியில் மேலே சொன்ன அப்பளம்தான் மிஞ்சும். இதை வாயால் விளக்கி ஜெயிக்க முடியாது. நான் சின்னதாக இரண்டு விதமாகவும் வரைந்து, தார்சாவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஆறடி தள்ளி நிற்கச் சொல்வேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கறுத்ததைக் காட்டி, "இதுதான் எங்க அம்மை" என்பார்கள். ஒன்றிரண்டு பேர் வெளுத்ததைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடம் நான் காசு குறைத்து வாங்குவதில்லை.